காவலூரா, கொடைக்கானலா? தொலைநோக்கி பார்க்கக் கிளம்பும் முன்

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல டெலஸ்கோப்பைக் காட்ட வேண்டும், எங்கே கூட்டிப் போகலாம் என்று யாராவது கேட்டால், தமிழ்நாட்டில் உடனே வரும் பதில் காவலூர். பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது என்பது காரணம். உண்மைதான். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். உத்தராகண்டில் தேவஸ்தலில் 2016இல் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை நம் நாட்டில் அதைவிடப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி கிடையாது.

ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகக் காவலூருக்குப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். அவ்வளவு பெரிய ஆடியில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. அதன் ஒளி கேமராவுக்குப் போகும். இல்லையென்றால் கண்ணாடி இழை வழியாகக் கீழே ஓர் அறைக்கு இறங்கி, அங்கே நிறங்களாகப் பிரிக்கப்பட்டுப் பதிவாகும். ஆராய்ச்சியாளரே கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பொதுமக்கள் கண் வைத்துப் பார்ப்பது 15 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய தொலைநோக்கியில். அதிலேயே சனியின் வளையம் தெரியும், நிலவின் மலைகள் தெரியும். ஒரு மாலைப் பொழுதுக்கு அது போதும். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது, அவ்வளவுதான்.

எனவே "எங்கே பெரியது இருக்கிறது?" என்பதிலிருந்து தொடங்காதீர்கள். "அந்த இடத்தை எந்த வானத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கேளுங்கள். கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது சூரியனுக்காக. காவலூரைத் தேர்ந்தெடுத்தது இரவுக்காக. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எந்த மாதம், எந்த நாள், யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

இரண்டு மலை, இரண்டு வானம்

கொடைக்கானல் ஆய்வகத்தின் கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. நம் தாத்தா பாட்டிகள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லி வந்தார்களே, 1876இலிருந்து 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சம், அதற்குப் பிறகு மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியது. சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பலரும் தேடத் தொடங்கினார்கள். சூரியனை நாள்தோறும் கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற முடிவுக்கு அது ஒரு முக்கியமான காரணம். வானியலாளர் மிச்சி ஸ்மித் மலைகளைச் சுற்றிப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1792இலிருந்து சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கி வந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் வேலைகள் 1899இல் அங்கே போயின.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரம். காலை நேரத்தில் காற்று அமைதியாக இருக்கும், தூசி குறைவு, சூரிய பிம்பம் துள்ளாமல் நிற்கும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறி வந்துவிடும். இரவு வானம் நம்பத்தக்கதல்ல. சூரியனை ஆராய்கிறவருக்கு அது பெரிய குறையில்லை. நட்சத்திரங்களை ஆராய வேண்டும் என்று வந்தவருக்கு அது பெரிய குறை.

அப்படி வந்தவர்தான் வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், இரவு வானத்துக்கு வேறு இடம் தேடினார். தெற்கே, நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருந்தால் தென்வானத்தையும் பார்க்கலாம்; ஊர் வெளிச்சத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்; மழை இல்லாத இரவுகள் வேண்டும். அந்தத் தேடல் ஜவ்வாது மலையில் காவலூரில் வந்து நின்றது. உயரம் சுமார் 725 மீட்டர்தான், கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அறுபதுகளின் இறுதியில் ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அந்த 1 மீட்டர் கருவி வந்த வருஷமே வேலையைக் காட்டியது. வியாழனின் துணைக்கோளான கேனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதைப் பதிவு செய்து, கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயத்தைத் தந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே விட்டு விட்டு மங்கியதை உலகில் சில இடங்களில் கவனித்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்தச் சில இடங்களில் ஒன்று காவலூர். பெரிய தொலைநோக்கியை விட்டுவிட்டு இந்த 1 மீட்டரைப் பார்க்கத்தான் நான் காவலூர் போகச் சொல்வேன். கூட வரும் பிள்ளைகளிடம் இந்தக் கதையை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வெள்ளை டோம் என்று பார்ப்பதற்கும், யுரேனஸின் வளையத்தைக் கண்ட டோம் என்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பாப்பு தன் கனவான பெரிய தொலைநோக்கியைப் பார்க்காமலேயே 1982இல் காலமானார். அதன் ஆடியைப் பெங்களூருவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி நிறுத்தியது அல்ல. இன்று அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான்.

காவலூர்: சனிக்கிழமையும் பிறையும்

காவலூரில் பொதுமக்களுக்கு வழக்கமாக சனிக்கிழமைதான். மற்ற நாட்களில் ஆராய்ச்சி வேலை நடக்கும். நேரமும் விதிமுறையும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் வாரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்தோ போன் செய்தோ உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து கேட்டில் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த சனிக்கிழமை என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது நிலவு பாதியை ஒட்டி இருக்கும், சூரியன் மறைந்ததும் வானில் உயரத்தில் நிற்கும். வெளிச்சமும் இருட்டும் சேரும் எல்லைக்கோட்டில்தான் நிலவின் பள்ளங்களும் மலைகளும் நீளமாக நிழல் போடும். தொலைநோக்கியில் அந்த நிழல்தான் ஆழத்தைக் காட்டும். பௌர்ணமி நிலவு இதற்கு உதவாது. சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகக் கண் கூசும். மற்ற எதையும் அது பார்க்கவிடாது. அதோடு பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் அன்று கிரிவலக் கூட்டம்; சாலையில் மாட்டிக்கொண்டால் பாதி மாலை போய்விடும்.

அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையும் ஒரு நல்ல தேர்வு, ஆனால் அது வேறு மாதிரியான இரவு. நிலவு இல்லை, பால்வெளி தெரியும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகமும் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள், கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நிலவுதான் சரி. நெபுலாவைப் பார்த்ததும் எட்டு வயதுப் பிள்ளை "கலரே இல்லையே" என்று கேட்கும். படங்களில் இருக்கும் சிவப்பும் நீலமும் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கும் கேமராவுக்குத்தான் கிடைக்கும். கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புகை. நிலவில் அந்தச் சிக்கல் இல்லை. ஐபீஸில், அதாவது தொலைநோக்கியில் நாம் பார்க்கும் முனையில், கண்ணை வைத்த நொடியில் "அய்யோ" என்று ஒரு சத்தம் வரும், வயது எதுவாக இருந்தாலும்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரண்டு பருவமழைகளும் மாறி மாறி வானத்தை மூடும். பெற்றோர் பலரும் மே மாத லீவில்தான் கிளம்புகிறார்கள். வானத்தைக் கணக்கில் எடுத்தால் அது இரண்டாம் தரம்தான். சாயங்காலத்தில் இடிமேகம் திரளும், புழுக்கத்தில் வானம் மங்கலாக இருக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமையும் ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்த பிறகு வரும் சனிக்கிழமையும் பள்ளிக்கும் வானத்துக்கும் ஒத்துவரும்.

கிரகங்களைப் பொறுத்தவரை வியாழன் 13 மாதங்களுக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிரே வரும். 2026இல் ஜனவரியிலும் 2027இல் பிப்ரவரியிலும் வருவதால், அந்த இரண்டு ஆண்டுகளின் தொடக்க மாதங்களில் மாலை வானில் வியாழன் இருக்கும். நான்கு துணைக்கோள்கள் வரிசையாக நிற்பதும், உடலில் இரண்டு பட்டைகள் ஓடுவதும் சிறிய தொலைநோக்கியிலேயே தெரியும். சனிக்கு இப்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். 2025 மார்ச்சில் அதன் வளையங்கள் நம் பார்வைக்கு விளிம்பாகத் திரும்பி நின்றன, கிட்டத்தட்ட மறைந்தே போயின. ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கும். இனி ஆண்டுக்கு ஆண்டு வளையம் விரிந்துகொண்டே போகும். ஒரு மெல்லிய கோடு போல வளையம் தெரிந்தால் கருவியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

காவலூருக்கு இன்னொரு பெரிய பலம் தென்வானம். பாப்பு தேடியதும் அதைத்தானே. மார்ச், ஏப்ரல் இரவுகளில் தெற்கே தாழ்வாக திரிசங்கு என்ற தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் தெரியும், தொடுவானத்திலிருந்து 17 பாகை உயரம் வரை ஏறும். டெல்லியிலிருந்து அது தொடுவானத்தை ஒட்டித் தலைகாட்டுவதோடு சரி. அகத்திய நட்சத்திரம் பிப்ரவரி மாலையில் நல்ல உயரத்தில் இருக்கும். இதற்கெல்லாம் தொலைநோக்கியே தேவையில்லை. வரிசையில் நிற்கும் நேரத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வரிசை நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் அந்த நேரத்தைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் அது முதலிலிருந்து தொடங்கும். போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியின் ஹெட்லைட்டைத் தேவையில்லாமல் போடாதீர்கள். அந்த மலையில் ஒவ்வொரு விளக்கும் ஆராய்ச்சிக்கே இடைஞ்சல்.

ஐபீஸில் பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், அதை முன்னாலேயே சொல்லிக்கொடுங்கள். கண்ணை ஒட்டி அழுத்தக் கூடாது, இமை படாமல் கொஞ்சம் தள்ளி வைத்து மெதுவாக நகர்த்தினால் வட்டம் முழுதாகத் தெரியும். மூச்சை நேராக விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். குழாயைப் பிடித்துக்கொண்டால் காட்சி நடுங்கிவிடும். எனவே சின்னப் பிள்ளையைத் தூக்கிக் காட்டும்போது அதன் கைகளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி மட்டும் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு, ஃபோகஸைத் திருத்தச் சொல்லிப் பார்க்கலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். நிலவு மெல்ல நகர்ந்து வட்டத்தின் ஓரத்துக்குப் போவது போலத் தெரிந்தால் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: நகர்வது பூமி. பூமி சுற்றுவதை நேரடியாகக் கண்ணால் காண்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

போகும் வழி சிரமமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக மலையேற வேண்டும். ரயிலில் வருபவர்களுக்கு வாணியம்பாடியோ ஜோலார்பேட்டையோ. இரவில் திரும்புவதற்குப் பேருந்தை நம்பாதீர்கள், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். தங்குவதற்குப் பலரும் ஏலகிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் ஜமுனாமரத்தூர் பக்கம் போகச் சொல்வேன், பீமன் அருவியும் ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் அங்கே கிடைக்கும். ஜனவரி இரவில் குளிரும்; சென்னைக்காரர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் பெரிய டோமையும் பார்க்கலாம். குதிரை லாட வடிவத் தாங்கியில் அந்தத் தொலைநோக்கி நிற்கும் விதத்தை நிமிர்ந்து பார்க்கையில், 15 சென்டிமீட்டர் கருவியைவிட இது 240 மடங்கு அதிக ஒளியைச் சேர்க்கும் என்ற கணக்கு வெறும் எண்ணாக இருக்காது.

காவலூரின் ஒரே பெரிய குறை மேகம். மூடிவிட்டால் அன்றைக்கு எதுவும் செய்ய முடியாது.

கொடைக்கானல்: பகலில் ஒரு நட்சத்திரம்

சூரியனும் ஒரு நட்சத்திரம்தான், உடலின் மேற்பரப்பை விரிவாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நட்சத்திரம். கொடைக்கானல் போகிறவர்கள் இந்த நினைப்போடு போனால், "இரவில் எதுவும் பார்க்கவில்லையே" என்ற குறை வராது.

ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் சூரியனின் நேரடி பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காட்டுவார்கள். அதில் கரும்புள்ளிகளைத் தேடுங்கள். ஒரு சின்னக் கணக்கு: சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல 109 மடங்கு. பிம்பம் ஒரு சாண் அகலம் இருந்தால் பூமி அதில் 2 மில்லிமீட்டர் புள்ளி. ஒரு பேனாவை எடுத்து அந்த அளவுக்கு ஒரு புள்ளி காகிதத்தில் வைத்து, பிம்பத்தில் தெரியும் கரும்புள்ளியின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பல கரும்புள்ளிகள் அதைவிடப் பெரியவை. பாடப்புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் வராத அளவுணர்ச்சி அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

அதே இடத்தில் சூரிய ஒளியைப் பிரித்த நிறமாலையும் இருக்கும், நடுநடுவே மெல்லிய கருங்கோடுகளோடு. ஃபிரான்ஹோஃபர் கோடுகள் என்று அவற்றுக்குப் பெயர். கடந்து போய்விடாமல் அங்கே நில்லுங்கள். கொடைக்கானலை உலக வானியல் வரைபடத்தில் வைத்தது அந்தக் கோடுகள்தான். 1909 ஜனவரியில் அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் அந்தக் கோடுகள் இம்மியளவு இடம் பெயர்ந்திருப்பதைக் கவனித்தார். வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. எவர்ஷெட் விளைவு என்று இன்றும் எல்லா நாட்டு மாணவர்களும் படிப்பது கொடைக்கானலில் கண்டுபிடிக்கப்பட்டதுதான்.

அங்கே சுரங்கத் தொலைநோக்கி என்று ஒன்று உண்டு. 11 மீட்டர் கோபுரத்தின் மேல் இருக்கும் 60 சென்டிமீட்டர் ஆடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே இறக்கும். அது தரைக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்தில் கிடைமட்டமாக ஓடும். முடிவில் 34 சென்டிமீட்டர் அகலச் சூரியன் கிடைக்கும். அது ஆராய்ச்சிக் கருவி. சாதாரணப் பார்வையாளராகப் போனால் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கல்லூரி இயற்பியல் துறையிலிருந்து குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம், கேட்பது நஷ்டமில்லை. சூரியனை 1904 தொடங்கிப் படமெடுத்து வைத்திருக்கும் நிலையம் அது. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய அந்தப் படத்தொகுப்பை இப்போது டிஜிட்டல் வடிவில் மாற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் மக்கள் அதிகம் அறியாத செல்வங்களில் அதையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

எப்போது போவது? இரண்டு கணக்கு இருக்கிறது. நாள் கணக்கில் காலைதான், வெயில் தெளிவாக இருக்கும்போது. ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூன்று மணிக்குப் போனால் பிம்பமே இருக்காது, மூடுபனிதான் இருக்கும். ஆய்வகத்தை முதலில் வையுங்கள். ஆண்டுக் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. இதைவிட நீண்ட கணக்கு ஒன்றும் உண்டு: கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024ஐ ஒட்டி உச்சத்தில் இருந்தது, இனி மெல்லக் குறைந்துகொண்டே போகும். இந்தப் பத்தாண்டின் முடிவில் புள்ளியே இல்லாத நாட்கள் நிறைய வரும். கொடைக்கானலா காவலூரா என்று தயங்குபவர்களுக்கு இது ஒரு நல்ல காரணம்: நிலவு எப்போதும் இருக்கும், சூரியன் புள்ளிகளோடு இருக்கும்போதே கொடைக்கானலை முடித்துவிடலாம்.

நாள், நேரம் இங்கேயும் பருவத்தைப் பொறுத்து மாறும், உறுதி செய்துகொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்கும் முறை வந்திருக்கிறது, அதையும் பாருங்கள். கோடை சீசனில் மலைப்பாதை நெரிசலிலேயே காலை முழுக்கக் கரைந்துவிடும். முந்தைய நாளே மேலே போய்த் தங்குவது நல்லது.

எச்சரிக்கை ஒன்று. சூரியனை வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ சாதாரண டெலஸ்கோப்பாலோ பார்க்கவே கூடாது. ஆய்வகத்தில் திரையில் பார்த்ததை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் இதை அன்றைக்கே அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும்.

பக்கத்திலேயே இருப்பவை

ஆறு வயதுக்கும் குறைந்த பிள்ளை இருந்தால் இரண்டு மலையும் வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் இருக்கிறது. குளிரில்லை, வரிசையில்லை, மேகமில்லை. தமிழில் விளக்குவார்கள். அங்கே பார்ப்பது உண்மையான வானமல்ல என்பது உண்மைதான். ஆனால் எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கும், ஏன் நகரும் என்பதைக் கற்றுக்கொள்ள உண்மையான வானத்தைவிட அது வசதியானது. காவலூர் போவதற்கு ஒரு மாதம் முன்னால் கோளரங்கம் போய்விட்டு வந்தால் மலையில் பாதிக் கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

உதகை முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றியும் கேட்கிறார்கள். 1970இல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 பாகையாகப் பொருந்துவதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்த சாமர்த்தியத்துக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் கண்ணால் காண அங்கே எதுவுமில்லை, வருவது ரேடியோ அலை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அமெச்சூர் வானியல் குழுக்களும் பள்ளி மைதானத்திலும் கடற்கரையிலும் அவ்வப்போது வைக்கும் வான்நோக்கு நிகழ்ச்சிகள். இவற்றை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை, அது தவறு. நிலவையும் வியாழனையும் பார்க்க இருட்டு வானம் தேவையில்லை. சென்னையின் நடுவில் நின்றாலும் நிலவின் பள்ளம் அதே கூர்மையோடு தெரியும். ஊர் வெளிச்சம் கெடுப்பது நெபுலாவையும் பால்வெளியையும்தான். பயணம் முடியாத முதியவர்கள், வார இறுதியிலும் வேலைக்குப் போகிறவர்கள், கையில் பணம் இல்லாத குடும்பங்கள், எல்லோருக்கும் இதுதான் முதல் தேர்வு. ஒரு ரூபாய் செலவில்லாமல் சனியைப் பார்த்த பிள்ளைகள் இந்த நிகழ்ச்சிகளில்தான் அதிகம்.

இதற்குப் பதில் சொந்தமாக ஒரு டெலஸ்கோப்பே வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: போய்ப் பார்ப்பதற்கு முன்னால் வாங்காதீர்கள். "300 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் சின்னக் கருவிகள் நடுங்கும் காலில் நின்று எதையும் காட்டாமல் மூலைக்குப் போய்விடும். ஒரு 15 சென்டிமீட்டர் கருவியில் என்ன தெரியும் என்று ஒரு இரவு பார்த்துவிட்டு வந்தால், வாங்குவதா, ஒரு நல்ல 10x50 பைனாகுலரே போதுமா என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, கடைசியில் எது?

வடமாவட்டங்களிலும் சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பவர்கள், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள், காவலூர் போங்கள். பொங்கலுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வளர்பிறை சனிக்கிழமை ஒன்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அடுத்த மாதத்து சனிக்கிழமை ஒன்றையும் மாற்று நாளாக வையுங்கள். கிளம்பும் நாள் காலையில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, மூடியிருந்தால் தயங்காமல் மாற்று நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடைக்கானல்தான் முதலில். வீட்டில் பெரியவர்கள் கூட வந்தாலும் அதுவே. இரவில் குளிரில் நிற்க வேண்டாம், பகலிலேயே முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஒளியின் நிறப்பிரிகை படிக்கும் பிள்ளைக்கும் நான் கொடைக்கானலைத்தான் சொல்வேன், எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும். நிலவைப் பார்த்தால் வியப்பு வரும். நிறமாலைக் கோட்டைப் பார்த்தால் அறிவியல் எப்படி நடக்கிறது என்பது புரியும். ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொன்ன இடம் அது.

பள்ளியிலிருந்து கூட்டிப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது பிள்ளைகளை ஒரே சனிக்கிழமை காவலூருக்கு அழைத்துப் போனால் ஒவ்வொருவருக்கும் ஐபீஸில் கிடைப்பது சில நொடிகள்தான். ஆண்டு இறுதிச் சுற்றுலாவாகப் பெரிய கூட்டத்தைக் கூட்டிப் போவதென்றால் கொடைக்கானல் பொருத்தம். திரையில் விழும் பிம்பத்தை ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். காவலூருக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். எந்த இடமானாலும் எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்த நாள் என்று பள்ளியின் கடிதத்தாளில் எழுதி முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தமிழில் விளக்க ஒருவர் வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.